அழகா, அச்சமா? ‘க்வைதான்’ திரைப்படம் குறித்த பார்வையாளர் கருத்துகளின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

மசாகி கொபயாஷி இயக்கிய ‘க்வைதான்’ (1964) நான்கு பேய்க்கதைகளின் தொகுப்பாக அமைந்த ஜப்பானிய வண்ணத் திரைப்படமாகும். இப்படம் குறித்து இரு கருத்துகள் நெடுங்காலமாக இணைந்தே வழங்கி வருகின்றன. இதன் காட்சிகள் ஒப்பற்றவை என்பது ஒன்று. பேய்ப்படத்துக்குரிய அச்சம் இதில் குறைவு, நடையும் மிக மெதுவானது என்பது மற்றொன்று. இக்கருத்துகளைப் படத்தின் மீதான இறுதித் தீர்ப்புகளாகக் கொள்ளாமல், அவை தோன்றிய காலம், இடம், பார்க்கப்பட்ட வடிவம் ஆகியவற்றோடு பொருத்திக் காண வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். 183 நிமிடம், 161 நிமிடம், 125 நிமிடம் என வேறுபட்ட வடிவங்களில் உலவிய ஒரு படத்தைப் பற்றிய கருத்துகள் ஒரே பொருளைப் பற்றியவை அல்ல என்பதும், அழகையும் அச்சத்தையும் எதிர்நிலைகளாக நிறுத்தும் வழக்கம் படத்தின் அறநோக்கை மறைத்துவிடுகிறது என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: க்வைதான், மசாகி கொபயாஷி, லாஃப்காடியோ ஹெர்ன், தொகுப்புத் திரைப்படம், ஏற்பு வரலாறு, மருட்கை.

முன்னுரை

ஒரு திரைப்படத்தின் வரலாறு அது திரையிடப்பட்ட நாளோடு முடிவதில்லை. பார்த்தவர் சொன்னவை, எழுதியவை, பின்வந்தோர் அவற்றைத் திருப்பிச் சொன்னவை என அனைத்தும் சேர்ந்தே அதன் வாழ்வு அமைகிறது. பல கதைகளைக் கோத்து அமைக்கும் தொகுப்புப் படங்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். ஒரே கதையைக் கொண்ட படத்தைப் பார்வையாளர் முழுமையாக ஏற்கவோ மறுக்கவோ செய்வர். தொகுப்புப் படத்திலோ எந்தக் கதை சிறந்தது, எது தேவையற்றது என்று தரவரிசை இடும் மனப்போக்கு தானே எழுகிறது. திரையிடுவோரும் அதே தருக்கத்தைப் பின்பற்றி ஒரு கதையை நீக்கிவிட இயலும். ‘க்வைதான்’ இவ்விரண்டுக்கும் ஆளான படம். ஆகவே கருத்துகளின் வரலாற்றை ஆராய்வோருக்கு இது தக்க சான்றாகிறது.

நூலிலிருந்து திரைக்கு

படத்தின் மூலம் லாஃப்காடியோ ஹெர்ன் எழுதிய கதைகள். 1850இல் கிரேக்கத் தீவான லெஃப்கடாவில், அயர்லாந்துத் தந்தைக்கும் கிரேக்கத் தாய்க்கும் பிறந்த ஹெர்ன், டப்ளினில் வளர்ந்து, அமெரிக்காவில் இதழாளராகப் பணியாற்றி, 1890இல் ஜப்பான் சென்றார். மட்சுவே நகரில் ஆசிரியராக இருந்தபோது கொய்சுமி செட்சு என்பவரை மணந்தார். பின்னர் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுக் கொய்சுமி யாகுமோ என்னும் பெயரை ஏற்றார். ‘க்வைதான்’ நூல் 1904இல், அவர் மறைந்த ஆண்டிலேயே வெளிவந்தது. கய்தான் என்று இன்று ஒலிக்கப்படும் சொல்லின் பழைய ஒலிப்பை அந்நூற்பெயர் காத்து நிற்கிறது. விந்தைக் கதை, பேய்க்கதை என்பன அதன் பொருள்.

படத்தின் நான்கு கதைகளும் அந்த ஒரே நூலிலிருந்து எடுக்கப்பட்டவை அல்ல. ‘பனிப்பெண்’, ‘காதற்ற ஹோய்ச்சி’ ஆகிய இரண்டு மட்டுமே 1904ஆம் ஆண்டு நூலுக்குரியவை. முதற்கதையான ‘கருங்கூந்தல்’ ஹெர்னின் 1900ஆம் ஆண்டுத் தொகுதியிலிருந்தும், இறுதிக் கதையான ‘தேநீர்க் கோப்பையில்’ 1902ஆம் ஆண்டுத் தொகுதியிலிருந்தும் பெறப்பட்டன. திரைக்கதையை எழுதியவர் யோகோ மிசுகி.

இக்கதைகளின் பயணம் கருத்து வேறுபாட்டுக்கு அடித்தளமிட்டது. பழைய ஜப்பானிய நூல்களிலும் வாய்மொழியிலும் இருந்தவற்றைச் செட்சு தம் கணவருக்கு எடுத்துரைத்தார். ஹெர்ன் அவற்றை ஆங்கிலத்தில் எழுதினார். அவை ஜப்பானிய மொழியில் பெயர்க்கப்பட்டு, பாடநூல்கள் வழியாகவும் சிறுவர் நூல்கள் வழியாகவும் மீண்டும் அந்நாட்டின் பொதுச் சொத்தாயின. எனவே ஜப்பானியப் பார்வையாளருக்கு ஹோய்ச்சியின் கதை இளமையிலேயே கேட்டறிந்த கதை. அடுத்து என்ன நிகழும் என்பதன்று, தெரிந்த கதை எவ்வாறு காட்டப்படுகிறது என்பதே அவர்கள் நோக்கில் முதன்மை பெறக்கூடியது. மேலைப் பார்வையாளர் பலருக்கோ அது புதிய கதையாகவும் தொலைதூர நாட்டின் விந்தையாகவும் அமைந்தது.

படம் உருவான சூழல்

கொபயாஷி (1916–1996) வசேதா பல்கலைக்கழகத்தில் அய்சு யாயிச்சியிடம் கீழை நாட்டுக் கலை பயின்றவர். போர்க்காலத்தில் படையில் சேர்க்கப்பட்டு மஞ்சூரியாவுக்கு அனுப்பப்பட்டவர். பதவி உயர்வை மறுத்து, கடைநிலைப் படைவீரராகவே இருந்தவர். ஒன்பது மணி நேரத்துக்கு மேல் நீளும் ‘மனித நிலை’ (1959–1961) முப்படத் தொடரிலும், 1963இல் கான் திரைப்பட விழாவின் சிறப்பு நடுவர் பரிசு பெற்ற ‘ஹராகிரி’ (1962) படத்திலும் அதிகாரத்துக்கு எதிராக நிற்கும் தனிமனிதனின் துயரைக் காட்டியவர். அவற்றைக் கருப்பு வெள்ளையில் எடுத்த அவருக்கு ‘க்வைதான்’ முதல் வண்ணப்படம்.

தோஹோ நிறுவனம் விநியோகித்த இப்படத்தைத் தயாரித்தது நின்ஜின் குழு. கெய்கோ கிஷி, யோஷிகோ குகா, இனெகோ அரிமா ஆகிய மூன்று நடிகையர் 1954இல் தொடங்கிய அமைப்பு அது. பெருநிறுவனங்களின் ஒப்பந்தக் கட்டுப்பாட்டிலிருந்து நடிகர் விலகி நிற்க முயன்றதன் அடையாளமாக அது விளங்கியது. வெளிப்புறக் காட்சிகளுக்கும் இயற்கை நிலத்தை நாடாமல், பழைய விமானக் கொட்டகை ஒன்றில் பெரும் அரங்குகள் எழுப்பப்பட்டன. வானமும் கையால் தீட்டப்பட்டது. கலை இயக்கத்தை ஷிகெமாசா தோதாவும் ஒளிப்பதிவை யோஷியோ மியாஜிமாவும் இசையைத் தோரு தகேமிட்சுவும் ஏற்றனர். அக்காலத்து ஜப்பானியப் படங்களில் மிகுந்த செலவு பிடித்தவற்றுள் இதுவும் ஒன்றாயிற்று.

செலவு கூடிய காலம் திரையுலகம் சுருங்கிய காலமாகவும் இருந்தது. 1958இல் 112 கோடியைக் கடந்திருந்த ஜப்பானியத் திரையரங்கு வருகை, தொலைக்காட்சியின் பரவலால் 1965இல் 37 கோடி அளவுக்கு வீழ்ந்தது. படத்துக்குப் பாராட்டுகள் குவிந்தும் நின்ஜின் குழு நிதிச்சுமையைத் தாங்க இயலாமல் வீழ்ந்தது. ‘காட்சிக்காக அளவுமீறிச் செலவிட்ட படம்’ என்று பின்னாளில் நிலவிய எண்ணத்துக்கு இந்நிகழ்வும் துணைசெய்தது.

கோடைப் பேயும் ஆண்டிறுதித் திரையும்

ஜப்பானியப் பண்பாட்டில் பேய்க்கதைக்குப் பருவம் உண்டு. இறந்தோரின் ஆவிகள் இல்லம் திரும்புவதாகக் கருதப்படும் ஒபோன் விழாவை ஒட்டிக் கோடையில் பேய்க்கதை கூறுவதும், கபுகி அரங்கில் பேய் நாடகம் நிகழ்த்துவதும் வழக்கம். உடல் சில்லிட்டால் வெப்பம் தணியும் என்பது மக்கள் கூற்று. திரைப்படத் துறையும் இப்பருவ முறையைப் பின்பற்றியது. நொபுவோ நகாகவாவின் ‘தோகாய்தோ யோட்சுயா பேய்க்கதை’ 1959 கோடையில் வெளியானது. குறைந்த செலவில் எடுக்கப்பட்டு, வஞ்சிக்கப்பட்ட பெண் பழிவாங்கும் கதையை விரைந்த அதிர்ச்சிகளோடு சொல்வது இவ்வகைப் படங்களின் இயல்பு.

‘க்வைதான்’ 1964 டிசம்பர் இறுதியில், புத்தாண்டை ஒட்டித் தலைநகரில் திரைக்கு வந்தது. குளிர்காலத்தில், உயர்ந்த செலவில், மூன்று மணி நேர நீளத்தில், புகழ்பெற்ற நடிகர்களுடன் வந்த இப்படம் கோடைப் பேய்ப்படத்தின் வழித்தோன்றலாகத் தன்னை முன்னிறுத்தவில்லை. கலைப்படைப்பாகவே முன்னிறுத்திக்கொண்டது. உள்நாட்டு ஏற்பும் அத்தன்மையதே. யோகோ மிசுகிக்குக் கினேமா ஜுன்போ இதழின் திரைக்கதை விருதும், மைனிச்சி திரைப்பட விருதுகளில் ஒளிப்பதிவு, கலை இயக்கம் ஆகியவற்றுக்கான பரிசுகளும் கிடைத்தன. பாராட்டு பெரிதும் எழுத்துக்கும் காட்சியமைப்புக்கும் உரியதாக அமைந்தமை கவனத்துக்குரியது.

ஒரு படம், மூன்று வடிவங்கள்

‘க்வைதான்’ பற்றிய கருத்துகளை ஒப்பிடுவோர் முதலில் எழுப்ப வேண்டிய வினா, கருத்துரைத்தவர் எந்தப் படத்தைப் பார்த்தார் என்பதாகும். ஜப்பானில் முதலில் காட்டப்பட்டது 183 நிமிட வடிவம். 1965ஆம் ஆண்டுக் கான் விழாவை ஒட்டிப் படம் சுருக்கப்பட்டது. அவ்விழாவில் சிறப்பு நடுவர் பரிசு பெற்ற பின்னர், ஏறத்தாழ 161 நிமிட வடிவமே பல ஆண்டுகள் பன்னாட்டு அரங்கில் வழங்கியது. அமெரிக்காவிலோ லாஸ் ஏஞ்சலிஸ் முதற்காட்சிக்குப் பின்னர் ‘பனிப்பெண்’ கதை முழுவதும் நீக்கப்பட்டு, 125 நிமிட வடிவம் திரையரங்குகளுக்குச் சென்றது.

இந்நீக்கம் வெறும் கால அளவுச் சுருக்கம் அன்று. பனிக்காட்டின் மேல் விரியும் வானத்தில் மாபெரும் கண்கள் விழித்திருக்கும் காட்சி அக்கதையில்தான் உள்ளது. இப்படத்தின் அடையாளமாக இன்று மிகுதியாக எடுத்துக்காட்டப்படுவனவற்றுள் அது ஒன்று. அதைக் காணாமலேயே 1965ஆம் ஆண்டு அமெரிக்கத் திரையரங்குப் பார்வையாளருள் பெரும்பாலோர் படத்தை மதிப்பிட்டனர். பனிப்பெண்ணாக நடித்தவர் தயாரிப்புக் குழுவைத் தொடங்கியோருள் ஒருவரான கெய்கோ கிஷி என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

நீக்கத்தால் படத்தின் கட்டமைப்பும் மாறியது. ‘கருங்கூந்தல்’ கதையில் மனைவியைக் கைவிட்ட கணவன் தண்டிக்கப்படுகிறான். ‘பனிப்பெண்’ கதையில் வாக்கை மீறிய கணவன் பிள்ளைகளின் பொருட்டு உயிர்பிழைக்கிறான். முன்னது தண்டனை, பின்னது மன்னிப்பு. இவ்விணையில் ஒன்று அகற்றப்பட்டதும் பேயுலகம் பழிவாங்கும் உலகமாக மட்டுமே எஞ்சுகிறது. பேயின் உள்ளத்திலும் இரக்கம் உண்டு என்னும் கூற்றை அந்தப் பார்வையாளர் கேட்க வாய்ப்பே அமையவில்லை.

மேலைத் திறனாய்வின் பார்வை

1965 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் எழுதிய போஸ்லி கிரவுதர், வண்ணமும் ஒலியும் இயைந்த படைப்பாக இதனைப் போற்றினார். அவரது பாராட்டு, படத்தின் கலைத்திறனைக் கீழை நாட்டுக்கே உரியதாக அடையாளப்படுத்தியது. வெரைட்டி இதழ் அளந்து வைத்த நடையையும் காட்சி வலிமையையும் குறிப்பிட்டது. 1967இல் பிரித்தானிய மாதாந்தத் திரைப்பட இதழான மந்த்லி ஃபிலிம் புல்லட்டின், வண்ணம் கண்ணைக் கவர்வதைவிட, அது கதைகளுக்குத் தொன்மத் தன்மை அளிப்பதே சிறப்பு என்றது. அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரையும் கிட்டியது. ஆயினும் 1966இல் அவ்விருதை வென்றது செக்கோஸ்லோவாக்கியப் படமான ‘கடைத்தெருவில் ஒரு கடை’.

இம்மூன்று மதிப்பீடுகளும் பாராட்டுகளே எனினும் ஒரே தளத்தில் இயங்கவில்லை. முதலாவது அழகை ஒரு நிலப்பகுதியின் இயல்பாகக் காண்கிறது. இரண்டாவது அதைத் தொழில்திறனாகக் காண்கிறது. மூன்றாவது மட்டுமே அழகு கதைக்கு என்ன செய்கிறது என்று வினவுகிறது. பின்வந்த கருத்துகளில் முதலிரண்டும் பெருவழக்காகி, மூன்றாவது வினா பின்தள்ளப்பட்டது. ‘அழகான படம்’ என்னும் தொடர் பாராட்டாகத் தொடங்கிக் காலப்போக்கில் மறைமுகக் குறைகூறலாகவும் மாறியதற்கு இதுவே வழியமைத்தது.

அக்காலத்து மேலைத் திரையில் திகில் தொகுப்புப் படங்களும் பெருகியிருந்தன. ரோஜர் கோர்மனின் ‘திகில் கதைகள்’ 1962இலும், மரியோ பாவாவின் ‘கருப்பு ஓய்வுநாள்’ 1963இலும் வந்தன. இவற்றுக்குப் பழகிய பார்வையாளர் ‘க்வைதான்’ படத்திலும் அடுக்கடுக்கான அதிர்ச்சிகளை எதிர்பார்ப்பது இயல்பே.

அச்சமும் மருட்கையும்

அழகையும் அச்சத்தையும் ஒன்றுக்கொன்று பகையாகக் கருதும் கருத்துகளை மதிப்பிட, தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வகைமை ஒரு கருவியாகப் பயன்படும். எண்வகை மெய்ப்பாடுகளுள் மருட்கையும் அச்சமும் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. புதுமை, பெருமை முதலியவற்றால் வியப்பு பிறக்கும். அணங்கு முதலியவற்றால் அச்சம் பிறக்கும். ‘க்வைதான்’ அணங்கைப் பொருளாகக் கொண்டு, மருட்கையைப் பயனாகத் தரும் படம். அச்சத்தை நாடி வந்தவர் ஏமாற்றமும், வியப்பை நாடி வந்தவர் நிறைவும் அடைந்தனர். இரு சாராரும் பார்த்தது ஒரே பண்பை. அளந்த கோல்கள்தாம் வேறு.

மருட்கையை உண்டாக்கும் உத்திகளும் தெளிவானவை. தலைப்புக் காட்சியிலேயே நீரில் வண்ண மைகள் கரைந்து பரவுகின்றன. தொடர்வது நடைமுறை உலகம் அன்று என்பது தொடக்கத்திலேயே உணர்த்தப்படுகிறது. தகேமிட்சு மரம் பிளக்கும் ஓசை போன்ற இயல்பொலிகளைப் பதிவுசெய்து, உருமாற்றி, அமைதியோடு இணைத்தார். ‘கருங்கூந்தல்’ கதையின் இறுதியில், திரையில் நிகழும் செயலுக்கும் செவியில் விழும் ஓசைக்கும் இடையே உள்ள தொடர்பு அறுக்கப்படுகிறது. திடுக்கிடச் செய்யும் ஓசைக்கு மாறாக, ஓசை வரவேண்டிய இடத்தில் அமைதி நிற்கிறது. விரைவை எதிர்பார்ப்போர் இதை மெத்தனம் என்பர். கூர்ந்து கேட்போருக்கு இதுவே அச்சத்தின் உச்சம்.

ஒப்பனையா, பொருளா?

கொபயாஷியின் முந்தைய படங்களை அறிந்தோரிடையே எழக்கூடிய வலுவான ஐயம் வேறு. போரையும் அதிகாரத்தையும் எதிர்த்த கலைஞர் இங்குச் சமூகத்தை விட்டு ஓவியத்துக்குள் ஒதுங்கிவிட்டாரா என்பது அது. படம் ஹெர்னின் கதைகளில் செய்துள்ள மாற்றங்களே இதற்கு விடை தருகின்றன.

ஹெர்னின் முதற்கதையில், மனைவி முன்னரே இறந்துவிட்டாள் என்று கணவன் அறிவதோடு கதை முடிகிறது. படத்தில் அவன் கண்முன்னே முதுமையடைந்து, கூந்தலால் துரத்தப்பட்டு, சிதைகிறான். வறுமையைக் காரணம் காட்டி, பதவிக்காக நெய்தல் தொழிலால் தன்னைக் காத்த மனைவியைத் துறந்த சாமுராய் அவன். பதவியின் பெயரால் மனிதரைக் கைவிடும் ஒழுக்கத்தைச் சாடிய ‘ஹராகிரி’ படத்தின் குரல் இங்கும் ஒலிக்கிறது.

‘காதற்ற ஹோய்ச்சி’ போர் நினைவைப் பற்றியது. 1185இல் தன்-னோ-உரா கடற்போரில் ஹெய்க்கே குலம் அழிந்தது. சிறுவனான பேரரசன் அந்தோக்கு கடலில் மூழ்கினான். படம் இப்போரை அரங்கக் கடலில் நடித்துக் காட்டுவதோடு, இப்படத்துக்கென ஓவியர் மசயோஷி நகமுரா தீட்டிய கடற்போர் ஓவியங்களையும் இடையிடையே வைக்கிறது. நடிப்பும் ஓவியமும் பீவா யாழிசையுடன் கூடிய கதைப்பாடலும் மாறிமாறி வரும்போது, போர் நிகழ்ச்சியாக அன்றி நினைவாகவே காட்டப்படுகிறது. மாண்ட வீரர்கள் தம் தோல்வியின் பாடலையே இரவுதோறும் கேட்க விழைகின்றனர். அவர்கள் ஆணைக்கு உட்பட்டுப் பார்வையற்ற எளிய கலைஞன் தேய்கிறான். அவனைக் காக்க உடலெங்கும் புத்த மந்திரம் எழுதப்படுகிறது. எழுத மறந்த செவிகள் அறுக்கப்படுகின்றன. ஹெர்னின் கதையில் ஹோய்ச்சி புகழும் செல்வமும் பெறுகிறான். படத்திலோ மாண்டோரின் ஆறுதலுக்காகத் தொடர்ந்து பாடுவேன் என்னும் உறுதி முதன்மை பெறுகிறது. தாமே போர்வீரராய் இருந்து மீண்ட இயக்குநர், போர் முடிந்து இருபது ஆண்டுகள் நிறைவதற்குள் இக்காட்சியை அமைத்தார் என்பதை நோக்கினால், ஒப்பனை என்று சொல்லப்பட்டது நினைவஞ்சலியின் வடிவமே என்பது புலப்படும்.

இறுதிக் கதை மிகச் சிறியது. முடிவற்றது என்னும் குறையும் இதன்மீது சுமத்தப்படுவதுண்டு. ஆனால் முடிவின்மை ஹெர்னின் கதையிலேயே உள்ளது. படம் அதை ஒருபடி முன்னெடுத்து, கதையை முடிக்காத எழுத்தாளரையே நீர்ச்சாடிக்குள் தோன்றச் செய்கிறது. எழுதுபவரும் தப்பவில்லை என்பதே தொகுப்பின் கடைசிச் சொல்.

பிற்காலப் பார்வையாளர்

1998இல் ஹிதேயோ நகாதாவின் ‘ரிங்’ வெளிவந்து உலகெங்கும் பரவியபின், ஜப்பானியத் திகில் படங்களின் முன்னோரைத் தேடும் ஆர்வம் வளர்ந்தது. முகத்தை மறைக்கும் நீண்ட கருங்கூந்தலின் மூலத்தை நாடியோர் ‘க்வைதான்’ படத்தை வந்தடைந்தனர். அவர்களுள் சிலர் வேர் கிடைத்தது என மகிழ்ந்தனர். சிலர் நடையின் மெதுத்தன்மையால் சலிப்புற்றனர். பழைய கருத்துப் பிளவு புதிய தலைமுறையிலும் தொடர்ந்தது.

இக்காலத்தில் வடிவச் சிக்கலும் படிப்படியாகத் தீர்ந்தது. குறுவட்டுகள் வழியாகப் ‘பனிப்பெண்’ கதை மேலைப் பார்வையாளரிடம் மீண்டது. 2015இல் மீட்டெடுக்கப்பட்ட 183 நிமிட வடிவம் அமெரிக்காவில் வெளியிடப்பட்டது. 2017இல் வெளிவந்த ஸ்டீபன் பிரின்சின் நூல் கொபயாஷியின் படங்கள் அனைத்தையும் எதிர்ப்புணர்வு என்னும் சரட்டில் இணைத்துக் காண வழிவகுத்தது. முழு வடிவமும் முழுமையான வாழ்வுப் பின்னணியும் ஒருங்கே கிடைத்த பின்னரே, ‘அழகு எதற்காக?’ என்னும் 1967ஆம் ஆண்டு வினாவுக்குத் திரும்பும் வாய்ப்பு பரவலாயிற்று.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, ‘க்வைதான்’ குறித்த பார்வையாளர் கருத்துகள் ஒரே படத்தைப் பற்றியவை அல்ல. ஒவ்வொரு கருத்தையும் அது எழுந்த வடிவத்தோடு இணைத்தே சான்றாகக் கொள்ள வேண்டும். 125 நிமிடப் படத்தைப் பார்த்தவரின் கருத்தை 183 நிமிடப் படத்தின் மீது ஏற்றுவது வரலாற்றுப் பிழையாகும்.

இரண்டாவதாக, எதிர்பார்ப்பே பெரும்பான்மைக் கருத்துகளைத் தீர்மானித்துள்ளது. கோடைப் பேய்ப்படம், மேலைத் திகில் தொகுப்பு, கீழை நாட்டு அழகு, பிற்கால ஜப்பானியத் திகில் எனப் பல சட்டகங்கள் இப்படத்தின் மீது பொருத்தப்பட்டன. அவற்றுள் எதுவும் முழுமையாகப் பொருந்தவில்லை.

மூன்றாவதாக, அழகு அச்சத்தைக் குறைத்தது என்னும் கூற்று படத்தின் செயல்முறைக்கு மாறானது. கைவிடப்பட்ட மனைவி, வாக்குமீறப்பட்ட பனிப்பெண், கடலில் மூழ்கிய குலம் ஆகியோரை இழிவாகவோ அருவருப்பாகவோ காட்டாமல் மாண்போடு காட்டவே தீட்டிய வானமும் அளந்த நடையும் பயன்பட்டன. பேயைக் கண்டு அஞ்சுவதைவிட, பேயாகும் நிலைக்கு ஒருவரைத் தள்ளிய மனிதச் செயலைக் கண்டு அஞ்ச வேண்டும் என்பதே படம் உணர்த்தும் அறம். அதைக் கண்டவரின் கருத்தில் அழகும் அச்சமும் பிரிந்து நிற்பதில்லை.